சம்சுதீன் சிலந்திக்கு ஒரு குஞ்சு

– இன்னொரு தடவை மூடியைத் திறங்கண்ணே. நான் சரியாப் பாக்கல.

– எத்தனை தடவை தாயி திறக்கிறது? மூங்கிக் குழாயைத் திறக்கத் திறக்க அது பயந்துக்கிட்டு உள்ளாற போயிருது. நான் மரம் வெட்டுற மலையாண்டி. சிலந்தி யாவாரி இல்ல. காலேஜுக்காரக கேட்டாகளேன்னு சந்தைக்குக் கொண்டாந்தேன், நீங்க வந்து மறிச்சுக்கிட்டீக.

– காலேஜுல வாங்குனா பாட்டில்ல ஊறப் போட்டுருவாக. நான் வளக்கிறதுக்குக் கேக்குறேன். இது எந்தச் சாதிச் சிலந்தின்னு மட்டும் சொல்லுங்க.

– நீங்க கேட்ட அதே சாதிதான்.

– நான் என்ன சாதின்னு இன்னும் சொல்லவே இல்லையேண்ணே.

– சரி, சொல்லுங்க. அப்பறம் ஆமாங்கிறேன்.

– வெளையாடாதீகண்ணே. வளந்தா உள்ளங்கை அகலம் வரும். மரத்துல வாழுறது. வெயில்ல காட்டுனா காலு நீலமா மினுங்கும், மயிலு கழுத்து கணக்கா. என் தம்பி சம்சுதீன் மலாயாவுலேருந்து கொண்டாந்தது.

– மலாயாவுலேருந்தா? கப்பல்ல வாரவுக தைலம், கைலி, ரேடியோன்னு கொண்டாருவாக. ஒங்க தம்பி எட்டுக்கால் பூச்சியவா கொண்டாந்தாரு?

– அதத் தவிர அவன் வேற ஒண்ணும் கொண்டாரல. பெர்மிட்டு இல்லாதவுகளையெல்லாம் வேலைய விட்டு நிப்பாட்டுனாகள்ல, அப்ப வந்தான். அங்கேயே ஒரு மலாய்க்காரப் பொண்ணைக் கட்டியிருந்தான். பொண்ணு வீட்டுல அனுப்ப மாட்டோம்னுட்டாக. மைமூன்னு ஒரு மக. ரப்பர் மரத்துல குஞ்சாப் பிடிச்சு அந்தப் பிள்ளை வளத்த சிலந்தி அது. கப்பல் ஏறப் போகையில பால்மாவு டின்னுல ஓட்டை போட்டு வாப்பா கையில குடுத்துச்சாம்.

– அடி ஆத்தீ. அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?

– தெரியல. அவன் பொண்டாட்டி மறு கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு எங்குட்டோ போயிட்டாளாம். கூட வேலை பாத்தவுக வந்து சொன்னாக. நாங்களும் மறைக்கக் கூடாதுன்னு அவங்கிட்டச் சொன்னோம். அன்னைக்கே போயி ஊருணியில எறங்கிட்டான். துணி தொவைக்க வந்தவுக பாத்து இழுத்துப் போட்டாக.

– ஐயோ பாவமே.

– அன்னையிலேருந்து யாருகூடவும் பேச்சில்ல. சிலந்திப் பெட்டிக்கு முன்னாடி குத்தவச்சுக்கிட்டு வெட்டுக்கிளி பிடிச்சுப் போடுவான். அதுகூட மட்டும் மலாய்ல ஏதோ பேசுவான். எனக்கு ஒரு சொல்லு விளங்காது. மைமூன், மைமூன்னு நடுவுல வரும், அது மட்டும் விளங்கும். மதுரை ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். கரண்டெல்லாம் வச்சுப் பாத்துட்டு இன்னைக்கு அனுப்புறாக. எங்க வீட்டுக்காரரு கூப்பிடப் போயிருக்காரு. காலையிலேயே அவனுக்குப் பிடிச்ச வட்டலப்பத்தை அவிச்சு வச்சுட்டுத்தான் நான் இங்க ஓடியாறேன்.

– அந்தச் சிலந்தி இருக்கும்ல? அப்பறம் குஞ்சு எதுக்கு?

– அது செத்துப்போச்சுண்ணே. எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனது. பேசாத பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறையில வாயைத் திறந்து, "லாத்தா, இதப் பாத்துக்க"ன்னான். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வாரமா தீனி எடுக்கல. முந்தாநாளு பாத்தா மல்லாக்கக் கெடக்கு, காலை விரிச்சுக்கிட்டு. பாக்க மாட்டாம துணியப் போட்டு மூடிட்டேன். இன்னைக்கு விடிய எடுத்தா அப்படியே கெடக்கு.

– அவரு வந்து கேட்டா என்ன சொல்லுவீக?

– குஞ்சு பொரிச்சுட்டுக் கண்ணை மூடிருச்சுன்னு சொல்லுவேன். மக வளத்ததோட வாரிசு ஒண்ணாவது மிஞ்சுச்சேன்னு உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்ல. வேற சாதியா இருந்தா கண்டுபிடிச்சிருவான். அப்பறம் என்னையும் நம்ப மாட்டான். நம்புறதுக்கு அவனுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்.

– தாயி, இவ்வளவு கேட்டப்பறம் ஒங்ககிட்டப் பொய் சொன்னா நான் மனுசன் இல்ல. கொத்தமங்கலத்துல ஒரு ஆச்சி வீட்டுப் பின்கட்டுல பட்டுப்போன புளியமரத்தை வெட்டுனோம். அந்தப் பொந்துல இருந்துச்சு இது. குஞ்சுல எல்லாமே இந்தச் சாம்பல் நெறந்தான், எனக்குச் சாதி பிரிக்கத் தெரியாது. வருசக்கணக்கா வளந்தாத்தான் நெறம் ஏறும். மலாயாச் சாதி நம்ம புளியமரத்துக்கு எங்கிட்டு வரும்?

– நீலமே இல்லையாண்ணே? இந்தா, இங்குட்டுக் காலு நுனியில லேசாத் தெரியுதே.

– அது குழாயில கட்டுன கயித்துச் சாயம் தாயி. ஒட்டியிருக்கு.

– எதுக்கும் ஒத்துப் பாத்துருவோம். செத்ததைக் கையோட கொண்டாந்திருக்கேன். புதைக்க மனசு வரல. இந்தாங்க, துணிய மெதுவாப் பிரிங்க.

– குடுங்க. என்ன தாயி இது, கனமே இல்ல?

– உசுரு போனா கனமும் போயிரும்ல.

– அப்படிப் போகாது. செத்தா காலு உள்ளாற மடங்கிக்கிரும், நாத்தம் எடுக்கும். இதுல நாத்தமே இல்லையே. இங்க பாருங்க, மேல மூடி கழண்ட மாதிரி திறந்திருக்கு. உள்ளாற வெறும் கூடு.

– எறும்பு தின்னுருக்கும்.

– எறும்பு தின்னா மேல மயிரெல்லாம் இப்படி முழுசா நிக்குமா? மரப் பொந்துல இந்த மாதிரி எத்தனையோ எடுத்து எறிஞ்சிருக்கேன். பாம்பு சட்டை உரிக்கிறதில்லையா, இதுவும் உரிக்கும். மல்லாக்கப் படுத்துத்தான் உரிக்கும். ஒங்க சிலந்தி சாகல தாயி. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கு.

– சாகலையா?

– சாகல. இனிமே இந்தக் குஞ்சு ஒங்களுக்கு எதுக்கு? நான் காலேஜுப் பக்கம் கெளம்புறேன்.

– இல்லண்ணே. குஞ்சைக் குடுத்துட்டுப் போங்க.

– அடப் போங்க தாயி. புதுத் தோலு வெளுப்பா, மெத்துன்னு இருக்கும். அது காயிற மட்டும் வெளிய தலைகாட்டாது. எங்கயாச்சும் பதுங்கிக் கெடக்கும். பெட்டிக்குள்ள மரப்பட்டை ஏதும் கெடந்துச்சா?

– தம்பி போட்டு வச்சிருந்தான். சுருண்ட பட்டை, குழாய் மாதிரி.

– அப்ப அதுக்குள்ளதான் இருக்கும். வேற எங்கயும் போகாது. விரலை விட்டுறாதீக, வெளிச்சத்துல வச்சு மெதுவா எட்டிப் பாருங்க.

– எந்தச் சாதியா இருந்தாலும் சரிண்ணே. அந்தக் குஞ்சைக் குடுங்க.

– நான் சொல்றது ஒங்க காதுல விழுகுதா இல்லையா? பட்டை எங்க தாயி?

– செத்தது கெடந்த பெட்டின்னு விடியவே கழுவிக் கவுத்துட்டேன். பட்டை நல்லாக் காஞ்சிருந்துச்சு, வட்டலப்பம் அவிக்க அடுப்புல வச்சேன். புகைக்குள்ளேருந்து வெளுப்பா ஒண்ணு நகண்டு வந்துச்சுண்ணே. ஏதோ பூச்சின்னு, ஊதாங்குழலால நான்தான் உள்ள தள்ளிவிட்டேன்.