சுவரில் இல்லாத தாள்

கரையான்சாவடியில் வெயில் ஏறிவிட்டால் என் கடைக்குள் உட்கார முடியாது, சார். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர்களைச் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு ஃபேன்தான்.

கடை என்னுடையது. போர்டில் குணசேகரன் என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பாய் இல்லையா?" என்பார்கள். பாய் என்றால் முகமது இஸ்மாயில். நான் வேலைக்கு வைத்த ஆள். என் வயதுதான்.

கம்ப்யூட்டரை அதன் அளவுக்கு மேல் முடுக்கி ஓட்டுகிறவர்கள் இப்போது நிறைய. அப்படி ஓட்டினால் மதர்போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் சின்னச் சிப்கள் கொதிக்கும். அவற்றின் மேல் மெத்தென்ற ஒரு பட்டையை வைத்து, அதன் மேல் அலுமினியக் கட்டையை இறுக்க வேண்டும். சூடு பட்டை வழியாகக் கட்டைக்கு ஏறி, ஃபேன் காற்றில் போய்விடும். பட்டைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது மறப்பார்கள். நான் மறந்திருக்கிறேன், வாடிக்கையாளர் முன்னாலேயே. இஸ்மாயில் மறந்ததில்லை. உரித்த தாளில் மெஷின்காரர் பெயரை மார்க்கரால் எழுதி, எதிர்ச் சுவரில் ஒட்டிவிடுவார். "செவுத்துல பேரு கீதுன்னா உர்ச்சாச்சுன்னு அர்த்தம், அண்ணாத்தே" என்பார்.

ஜெகதீஷ் சென்னீர்குப்பத்து ஃப்ளாட்காரர். வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை. அவர் மெஷினைக் கொண்டுவந்த அன்று நான் மூடியைத் திறக்கப் போனேன். "நீங்க விடுங்க சார், பாயே பாக்கட்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலையை முடித்து, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, இஸ்மாயில் ஜும்மா தொழுகைக்குப் போனார். வர ஒரு மணி நேரமாகும். நான்கு ஸ்க்ரூதான். கட்டையைக் கழற்றினேன். சுவரிலிருந்து ஜெகதீஷ் பெயர் எழுதிய தாளை எடுத்துப் பட்டைமேல் பழையபடி ஒட்டி, இறுக்கினேன். மெஷின் இரண்டு நாளில் அணைந்து திரும்பி வரும், பாயும் மறப்பார் என்று நாலு பேருக்குத் தெரியும், அவ்வளவுதான் நினைத்தேன்.

அது அணையவில்லை. திங்கள் மத்தியானம் ஜெகதீஷ் வீட்டில் அந்த மெஷினில் பெரிய வேலையொன்றை ஓடவிட்டு, சாப்பாடு வாங்கப் போயிருந்தார். சிப் வெடித்து ஜன்னல் துணி பற்றியது. அந்த அறையில் அவருடைய அப்பா ஏகாம்பரம் படுத்திருந்தார். பக்கவாதக்காரர். புகையிலேயே போய்விட்டார்.

இஸ்மாயில் ஓடிவந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "உர்ச்சேனே அண்ணாத்தே. உர்ச்ச மாதிரிதான் கீது. ஆனா பேரு இல்லியே" என்றார். நானும் கூட நின்று தேடினேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கடைசியில் அவர் தன் ஞாபகத்தை விட்டுவிட்டுச் சுவரை நம்பினார். இதே ஸ்டேஷனில் உங்களிடம் தானாகவே வந்து, மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். ஜாமீனில் வந்தபின் ஒரு குடோனில் பெட்டி தூக்குகிறார். ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை.

நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். போன வாரம் ஜெகதீஷ் கடைக்கு வந்தார். "பாய் வேணும்னு பண்ணலை சார். அவரைத் திரும்ப வேலைக்கு வச்சுக்குங்க" என்றார். அப்பாவைப் பறிகொடுத்த மனிதர், அவரும் என் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அறையில் ஆள் இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வெள்ளிக்கிழமை, நான் அந்த மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஜெகதீஷ் ஃபோன் செய்தார். "அப்பா அந்த ரூம்லதான் படுத்திருப்பார், அவரால எழுந்திருக்க முடியாது. சூடு விஷயம் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்றார். ஃபோனைப் பாயிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் என்னை நம்பிச் சொன்ன ஒரே வேலை அது, சார். அதை இஸ்மாயிலிடம் விடாமல் நானே பார்த்துக்கொண்டேன்.