பிடித்து வைத்திருந்த வரி

பார்லித் தேநீர் ஆறிப்போனாலும் பரவாயில்லை ஐயா, எனக்கு அப்படிக் குடித்தே பழக்கம்.

வாக்குமூலம் என்றால் முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் சன்னல்களையும் பொத்தான்களையும் வரைகிற மென்பொருள் ஒன்று உண்டு. வேகமானது, ஆனால் முரடு. எளிய கணினி மொழியில் எழுதுகிறவர்களுக்கு அது பிடிகொடுக்காது. இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஓர் உறை வேண்டும். அதை நான் எழுதினேன். தேஜோன் நகரில், ஒற்றை அறையில், ஒன்பது வருடம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகத்தான் விட்டிருந்தேன்.

தோ கியூவான் என்றொரு பையன் பிறகு அந்த வேலையில் வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன். மூன்று குளிர்காலம் ஒரே சட்டியில் கிம்ச்சிக் குழம்பு சாப்பிட்டோம். மணிக்கட்டு அறுவைச் சிகிச்சைக்காக நான் படுத்தபோது பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். எழுந்து வந்து பார்த்தால், உறையின் முதல் பக்கத்தில் ஆக்கியவர் என்று அவன் பெயர். நன்றிக்குரிய பதினேழு பேரில் நான் ஒருவன்.

கேட்டேன். “நம்ம உறைய எடுத்துக்கிட்ட கம்பெனில ஒரே பேராப் போடச் சொன்னாங்கண்ணே. நமக்குள்ள என்ன இருக்கு?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தக் கம்பெனி மருத்துவமனைகளுக்குத் திரை செய்தது. நோயாளிக்கு மூச்சு குறைந்தால் செவிலியர் மேசையில் சிவப்புச் சன்னல் திறக்கும். புதிய பதிப்புக்கு முன், “நீங்க ஒரு தடவ பாத்துட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்ணே” என்றான். பார்த்தேன். ஒரு வரியை எடுத்துவிட்டேன். சன்னலைத் திறக்கும் கட்டளையை, பயன்படாத குப்பையென்று கணினி மொழி தானாகத் துடைத்துவிடாமல் பிடித்து வைத்திருந்த வரி. சோதனையில் எதுவும் தெரியாது. இரண்டு நாள் ஓடிய பிறகுதான் சன்னல் திறக்காமல் போகும். பழி, பெயர் போட்டவனுக்கு.

ஆறாம் வார்டில் ஒரு மீன் வியாபாரி இறந்தார்.

கியூவான் அழுதுகொண்டு வந்தான். “எங்க தப்புன்னே தெரியலண்ணே. நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.” சோறு போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அந்த இடத்தையும் தாண்டினோம். “உறையில ஒண்ணுமில்லடா. ஆஸ்பத்திரி ஒயரிங்கப் பாக்கச் சொல்லு” என்றேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் ஒரு பள்ளி ஆசிரியை. முப்பத்திரண்டு வயது. வரியைத் திரும்பப் போட எனக்கு இரண்டு நிமிடம் போதும். போடவில்லை. இரண்டு சாவும் நான் செய்தவை.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். “நீங்களாண்ணே?” என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மனம்விட்டுக் கேட்கிற அளவுக்கு அவன் என்னை நம்பவே இல்லை.