பக்கவாட்டு உதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கராத்தே கிளாஸைப் பெருக்கித் துடைப்பது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் மேடம். பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிற இடம், சுத்தமாக இருக்கட்டும் என்று நானாகச் செய்வது. அன்றைக்கும் தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரியதர்ஷினி வந்தாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய்.

என் பெயர் மஹாலட்சுமி. பிள்ளையார்பாளையத்தில் பரசுராமன் மாஸ்டர் நடத்தும் கராத்தே பள்ளியில் அவருக்கு அடுத்த இடம் எனக்கு. புருஷன் வீட்டை விட்டு நான் வந்து நின்றபோது பெற்ற தாயே முகம் கொடுக்கவில்லை. மாஸ்டர்தான் ஒரு வெள்ளை உடுப்பைக் கையில் கொடுத்து, "கடைசி வரிசையில போய் நில்லும்மா" என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் பயந்ததில்லை, அவரைத் தவிர.

போன வருடம் எங்கள் கராத்தே சங்கம் இரண்டாக உடைந்தது. தேர்வுப் போட்டிக்கு ஆள் அனுப்பும் உரிமை எதிர் அணிக்குப் போய்விட்டது. எங்கள் சான்றிதழைக் காட்டினால் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் கிடைக்காது என்று ஆனதும், பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிர் அணியின் வாலாஜாபாத் பள்ளிக்கு மாறினார்கள். போனவர்களோடு தெருவில் பார்த்தால்கூட நாங்கள் பேசக் கூடாது. பேசிய ஒருவனை மாஸ்டர் வகுப்பு முடியும்வரை முட்டி போட வைத்தார். "விசுவாசம் இல்லாதவனுக்கு வித்தை எதுக்குபா?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பிரியதர்ஷினி தறிக்கார வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே வந்தவள். பெல்ட் கட்டிவிட்டு வளர்த்தவள் நான். அவளும் போகப்போகிறாள் என்று தெரிந்தபோது மாஸ்டர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "உன் பொண்ணுதானே மகா, நீயே பாத்துக்கோ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பட்டு ரவிக்கைத் துணியோடு வந்தாள்.

"அம்மா குடுத்துச்சுக்கா. நான் அங்க போனாலும் நீ எங்கிட்ட பேசுவ இல்ல?"

"பேசுவேன்டி. கடைசியா ஒருவாட்டி ஸ்பாரிங் பண்ணலாமா?"

சண்டைப் பயிற்சிக்கு அவள் சந்தோஷமாக எதிரே வந்து நின்று, குனிந்து வணங்கினாள். வணங்குகிறவரை அடிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவள் நிமிர்வதற்குள் இடது முழங்காலில் பக்கவாட்டில் உதைத்தேன். காய்ந்த மூங்கில் முறிவதுபோல ஒரு சத்தம்.

குனிந்திருந்தவள் எதையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வழுக்கிட்டேன் போல இருக்குதுக்கா" என்று அழுதாள். அந்தப் பொய்யை எனக்குக் கொடுத்தவளே அவள்தான். நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். நடக்கலாம், இனிமேல் போட்டியில் இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

தினமும் இட்லி கொண்டுபோனேன். அவள் அம்மா ஜெயம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா என் பொண்ணு என்னா ஆயிருப்பாளோ" என்பாள். கண்ணை மூடினால் அந்தக் குனிந்த தலைதான் தெரிகிறது.

இப்போது மாஸ்டர்தான் காரணம் என்று ஊரார் பேசுவதைக் கேட்டு ஜெயம்மாள் மாஸ்டர்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். என்மேல் இன்னும் அவளுக்குச் சந்தேகமில்லை. நேற்று மாஸ்டரை இதே பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

செய்தது நான். தெரிந்தே, கால் உடைய வேண்டும் என்றே செய்தேன். ஆனால் அவள் வாழ்க்கையைக் கெடுக்க நினைக்கவில்லை, மேடம். வாலாஜாபாத்தில் இனி அவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? எங்களிடம்தான் வருவாள். சின்னப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுக்கலாம். அவளுக்காகக் கிளாஸில் ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருக்கிறேன்.