பூசையில் வச்ச துப்பாக்கி

இல்ல மச்சான், பெருசு வேணாம். விக்கிறவன் பெருசத்தான் மொதல்ல எடுத்து முன்னால வைப்பான். கையில புடிச்சா கெத்தாத்தான் இருக்கும். காடி சீட்டுல ஒக்காந்து பாரு, வயித்துல குத்தும். குத்துதேன்னு கழட்டி டேஷ்போர்டுல வைப்பே. அங்க வச்ச துப்பாக்கி அடுத்தவனுக்குத்தான் லா.

பெல்ட்டப் போடு. ஜன்னல ஏத்து, ஏர்கோன் ஓடுது.

ரிவால்வரா? அது நடுவுல உருண்டையா இருக்கும் பாரு, சட்டைய முட்டித் தள்ளும். ஒனக்கு ஏற்கெனவே தொப்பை. கோலா சிலாங்கூர்ல சொந்தமா நகைக்கடை தொறந்து ஒக்காந்தா இன்னும் வைக்கும். சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன்.

தட்டையா, சின்னதா எடு. நல்ல தோல் உறை, கெட்டி பெல்ட்டு. மேல தொளதொளன்னு பாத்தேக் சட்டை, இந்தா, நான் போட்டிருக்கேனே, இந்த மாதிரி. முக்கியமா, கை அங்க போகவே கூடாது. புதுசா வச்சிருக்கவன் சும்மா சும்மா தொட்டுப் பாப்பான், தாலி கட்டுன புதுப்பொண்ணு மாதிரி. அதுலயே காட்டிக் குடுத்துருவான்.

இந்த ரோடா? ரவாங்குக்கு இப்புடியும் போவலாம். பெரிய ரோட்டுல ஜேம். செம்பனைத் தோட்டத்துக்குள்ள பூந்து போனா சீக்கிரம்.

ஆமா, இன்னிக்கு ஆயுத பூசைதான். நமக்கு ஏது பூசை? ஒங்கக்காவுக்குத் தலைத்திவசமே அடுத்த வாரந்தானே. கடையில தராசு, சுத்தி எல்லாம் கெடந்த எடத்துலயே கெடக்கு. பொட்டு வைக்க என் நாகமணி இல்ல. எனக்கு அந்தக் கடைக்குள்ள நொழையவே புடிக்கல, தேவா.

போன வருசம் எப்புடி செஞ்சோம். வேலையாளுங்க பொரிகடலை வாங்கிக்கிட்டுப் போயிட்டானுங்க. நீ, நான், ஒங்கக்கா, மூணு பேருதான். நீதான சொன்னே, தராச வைக்கிறோம், சுத்திய வைக்கிறோம், ஒங்க உயிரக் காக்கிறத வைக்க வேணாமா மாமான்னு. அதுக்கு முன்ன நான் வச்சதே இல்ல. ஒங்கக்காவுக்கும் அது சரின்னு பட்டுச்சு. சந்தனம் தொட்டு, குங்குமம் வச்சு, பூவுஞ் சாத்துனா. நீ சூடத் தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னே.

வச்சாச்சுன்னா மறுநாள் பூசை முடியாம எடுக்கக் கூடாதில்ல. ரப்பர் தோட்டத்துல எங்கப்பா பால்வெட்டுக் கத்திய வச்சுட்டு, பக்கத்துல எங்கள அண்ட விடமாட்டாரு. அந்தப் பழக்கம். அப்புடியே பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டு, வெறும் இடுப்போட ஒங்கக்காவ ஏத்திக்கிட்டு காடியில கெளம்புனேன்.

இந்த ரோட்டுலதான் மடக்குனானுங்க. ரெண்டு மோட்டர் சைக்கிளு, நாலு பேரு, கையில பாராங் கத்தி. எல்லாம் ஒனக்குத் தெரிஞ்ச கததான்.

தெரியாத ஒன்னு சொல்றேன். நகைக்கடைக்காரன மடக்குறவன் மொதல்ல என்னா செய்வான்? சட்டையத் தூக்கிப் பாப்பான். ரவாங்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, எங்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு. இவனுங்க என் இடுப்புப் பக்கமே திரும்பல. ஒருத்தன் எனக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, ஒங்கக்கா கழுத்துல கைய வச்சான். தாலிய மட்டும் விட்டுருங்கடான்னு கைய மறிச்சா. வெட்டிட்டான். நான் மரமா நின்னேன்.

ஆசுபத்திரியில ராவும் பகலும் ஒக்காந்திருக்கப்ப எனக்கு அந்த முதுகு மட்டுந்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. துப்பாக்கி வச்சிருக்கவனுக்கு எவனாச்சும் முதுகக் காட்டுவானா? இல்லேன்னு தெரிஞ்சவன்தான் காட்டுவான்.

பொலீஸ்ல சொன்னேனான்னு கேக்கிறியா? இல்ல. ஒங்கம்மா முகத்தப் பாத்தேன். ஒரு புள்ளைய எரிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்காங்க. வாய் வரல.

ஏன் வேர்க்குது? ஏர்கோனக் கூட்டவா?

கதவ இழுக்காதே, நான் பூட்டிருக்கேன். இந்தா, இந்த வளைவுதான். ஒங்கக்கா செருப்பு அந்தச் சாக்கடைக் கானோரம் கெடந்துச்சு. நிறுத்துறேன், கொஞ்ச நேரம் பேசுவோம். அன்னிக்கு நீ யாருகிட்ட சொன்னேன்னு மட்டும் சொல்லு. அழுவாதே, சாவு வீட்லயே நெறைய அழுதுட்டே.

எது வாங்கலாம்னு கேட்டியே. கெர்லிங்லேர்ந்து என் பக்கத்துலயேதான் ஒக்காந்து வரே. நம்ம வீட்ல இந்த வருசம் பூசை இல்லேன்னும் தெரியும். இருந்தும் என் சட்டைக்குள்ள இருக்கிறது ஒன் கண்ணுல படல பாத்தியா.

அப்ப இந்த அளவுதான் மச்சான் சரி.