தானா எழும்பணும்

– அல்லாவே, திரை முழுக்கக் கறுத்துப் போச்சு றிப்னா! நான் ஒண்டும் செய்யல்ல!

– பயப்படாதீங்க அக்ரம், நான் பக்கத்துலதானே இருக்கன், லினக்ஸ் அப்படித்தான். நான் சொன்னத அடிச்சீங்களா?

– அடிச்சன். எழுத்தா ஓடுது, ஓடுது, நிக்குதே இல்ல!

– டேட்டாபேஸ் இறங்குது. அதுக்குப் பொறகு பண்ணை வேலையெல்லாம் நான் எழுதின பக்கங்கள வைக்கிற சொஃப்ட்வெயார். வேற யார்ட இடத்துலயும் இல்ல, இந்தப் பழைய கம்பியூட்டர்லயே. நீங்க மட்டும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகக்குள்ள மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணாம இருந்திருந்தா இது எப்பவோ முடிஞ்சிருக்கும்.

– கதவ மூடினா மெயின ஓஃப் பண்றதுதானே இந்த ஒபீஸ் வழக்கம்! கை தன்ட பாட்டுல போயிட்டு.

– தின்னுட்டு இருக்கக்குள்ள தட்டப் பறிச்ச மாதிரி ஆச்சு. சரி, கவனமாப் பாருங்க, திங்கக்கிழம இருந்து இது உங்கட பொறுப்பு.

– அந்தக் கதைய விடுங்க. நீங்க கொழும்புக்குப் போனா இந்த இறால் பண்ணையில எனக்கு யாரு? இறால் மேல மிதந்தாலும் மோட்டர் நிண்டாலும் எல்லாரும் உங்களத்தானே கூப்பிடுறாங்க!

– அதாலதான் நம்மட முதலாளி முஹ்ஸின் நானா என்ன விட மாட்டேங்கிறாரு. "தலைக்குள்ள வச்சிருக்கிறத எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிட்டுப் போங்க"ண்டு சொன்னாரு. நாளைக்குக் கொழும்புக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். இண்டைக்கு இது ஓடல்லண்டா அந்த வேல போச்சு.

– ஓடல்லண்டா நல்லம்.

– அடி விழும்!

– பகிடிக்குச் சொன்னன். ஆ, நிண்டுட்டு! பச்சையில என்னமோ எழுதுது!

– முடிஞ்சிது! பிரவுசரத் தொறங்க, சுருக்கா!

– வந்திட்டு! பேரும் பாஸ்வேர்டும் கேக்குது றிப்னா!

– அல்ஹம்துலில்லாஹ்! நான் எழுதி வச்ச பக்கங்கள ஏத்துங்க. ஏத்திட்டீங்களா? இப்ப போய் மெயின ஓஃப் பண்ணுங்க.

– உங்களுக்குப் பைத்தியமா?

– ஓஃப் பண்ணிட்டுத் திரும்பிப் போடுங்க. யாரும் தொடாம இது தானா எழும்பணும். இந்த ஒபீஸ் வழக்கம் மாறப் போறதில்ல, இதுதான் பழகிக்கணும்.

– பிஸ்மில்லாஹ்... போட்டுட்டன். ஒண்டும் வரல்லயே.

– பொறுங்க.

– இன்னொருக்கா ஓஃப் பண்ணிப் போடவா?

– பொறுங்கண்டு சொன்னன்!

– எழும்பிட்டு! யா அல்லாஹ், தானா எழும்பிட்டு! நீங்க அழுறீங்களா?

– இல்ல, சிரிக்கிறன். நானாவுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. முஹ்ஸின் நானா! குளக்கட்டுலதானே நிக்கிறீங்க? நான் அனுப்பின லிங்க அமத்துங்க.

– இஞ்ச பாருங்க, தொறந்திட்டு புள்ள! "இறால் மேல மிதந்தா முதல்ல செய்யிறது..." அட, படத்தோட போட்டிருக்கு! மாஷா அல்லாஹ், றிப்னா!

– அப்ப நான் போகலாம்தானே நானா?

– இஞ்ச பாருங்க புள்ள, இவ்வளவு நல்ல சாமான நம்மட மத்த ரெண்டு பண்ணைக்கும், முந்தலுக்கும் கற்பிட்டிக்கும், போடாம உங்கள எப்படி விடுற? இன்னொரு வருசம் இருங்க.

– நானா, நாளைக்கு நான் பதில் சொல்லணும் நானா...

– உங்களத் தவிர வேற யாருக்குப் புள்ள இந்த வேல தெரியும்?

– எனக்குத் தெரியும் முஹ்ஸின் நானா, அக்ரம் கதைக்கிறன். ரெண்டு பண்ணைக்கும் நான் போடுறன், அவங்கள விடுங்க.