ஒரு சாண் ஐஸ்

அவளைப் பத்தி எழுதணும்னா அவகிட்டயே போங்கம்மா. மேடை போட்டு மாலை போட்டாங்கல்ல, அங்க போய்க் கேளுங்க. என்னது? அவதான் என்னைப் பாக்கச் சொன்னாளா? ம். திமிரு.

சரி, எழுதிக்கங்க. அந்த ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருஷம் நான் தண்ணிக் குழாய் சூப்பர்வைசர். அவ எனக்குக் கீழ ஒரு பிட்டர், வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கீழ்த்தளத்துல, துணி துவைக்கிற பக்கம் பிரியிற குழாய்ல ஒரு வால்வு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. மாத்தணும்னா மாடித் தொட்டியையே காலி பண்ணணும். அஞ்சு மணி நேரம் ஆஸ்பத்திரி பூரா தண்ணி இருக்காது. இவ ஒரு பேப்பர்ல படம் போட்டுக்கிட்டு வர்றா. தொட்டியத் தொடவே வேணாம் சார், வால்வுக்கு முன்னால ஒரு சாண் அளவு குழாயச் சுத்தி ட்ரை ஐஸ், அந்தப் புகையிற ஐஸு, அதக் கட்டுவோம், உள்ள இருக்குற தண்ணியே உறைஞ்சு அடைச்சுக்கும், அதுக்குள்ள அறுத்து மாத்திடலாம்ங்கறா.

சிரிக்காம என்ன பண்றது? தண்ணி உறைஞ்சா விரியும், குழாய் வெடிக்கும், ஸ்கூல் புள்ளைக்குத் தெரியும். ஒரு சாண்தானே சார், விரியறது மெயின் குழாய்ப் பக்கம் தள்ளிக்கும்ங்கறா. எனக்கே பாடம்! எல்லார் முன்னாலயும் பேப்பரக் கிழிச்சேன். மறுநாள்லருந்து கக்கூஸ் குழாய் மாத்துற வேலையில போட்டேன். ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? அதையும் எழுதுங்க.

வேற தேசத்துல எல்லாம் இப்படிப் பண்றாங்களாம், பின்னால சொன்னாங்க. நாங்க யாரும் கேள்விப்பட்டதில்ல. அவளும்தான்.

அப்புறம் ஒருநாள் காலைல அந்த வால்வு விரிசல் விட்டுப் பீச்சுது. ரப்பர் வச்சு இறுக்கினோம், எத்தனை நேரம் தாங்கும்? மேல டயாலிசிஸ் வார்டுல எட்டு மெஷின் ஓடுது. தண்ணி நின்னா அதுவும் நிக்கும். டாக்டர் எறங்கி வந்து கத்துறாரு. மெயின அடைக்கணும்னு நான் சொல்றேன். ஒரு மணி நேரம் குடுங்கன்னு அவ சொல்றா. டாக்டர் அவ பக்கம் சாஞ்சிட்டாரு.

எல்லாரும் ஐஸுக்கு ஓடுன நேரம், அந்த வால்வு இருக்குற ரூமப் பூட்டி சாவியப் பையில போட்டுக்கிட்டேன். அப்புறம் எல்லாரோடயும் சேந்து நானும் சாவி தேடுனேன்.

அவ தேடல. என் சட்டைப் பையையே பாத்தா. அப்புறம் ஸ்பேனரால பூட்ட ஒடைச்சா. ஐஸக் கட்டி முக்கால் மணி நேரம். குழாய் அறுந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது, உள்ள வெள்ளையா ஐஸு. ஒரு சொட்டு விழல. அன்னிக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல, இன்னிக்கு வரைக்கும் குடுக்கல. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு எரியுது.

வெடிச்சிடுமோன்னு பயந்து பூட்டுனீங்களான்னுதானே கேக்கப் போறீங்க? அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். படத்தக் கிழிக்கும்போதே அது சரியா வரும்னு எனக்குத் தெரியும்.

எட்டுல மூணாவது மெஷின்ல படுத்திருந்தது என் சம்சாரம். ஆமா, பூட்டும்போது தெரியும்.

மெதுவாப் பேசி என்னம்மா ஆகப்போவுது? என் சம்சாரம் பக்கத்து ரூமுலதான் இருக்கா, கதவு தெறந்துதான் கெடக்கு. அவளும் இத இன்னிக்குத்தான் கேக்குறா.