நடை சாத்தின நேரத்து மணி

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் காலிக் குப்பியோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் குடியிருக்கும் ஒரு தம்பதி. வாதக் காய்ச்சலில் முழங்கால் வீங்கிய மகளை அப்பா தூக்கி வைத்திருந்தார்; அவள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

“ஏன்னா, மத்தியானத்துல நம்ம குழந்தைக்குக் கோயில் மணி கேக்கறது,” என்றாள் மனைவி.

“அப்போ நடை சாத்தியிருக்குமேடி!”

“அதான் சொல்றேன். எனக்கே கேக்கலை. கொடுத்து வச்சவள்னு நினைச்சு நான் கன்னத்துல போட்டுண்டேன்.”

“அசடே! இந்த சாலிசிலேட் மருந்து அதிகமானா காதுல மணியடிக்குமாம். அடிச்சா உடனே வந்து சொல்லுங்கோன்னு டாக்டர் சொன்னாரே.”

“உங்ககிட்டதானே சொன்னார்? நீங்க என்கிட்ட சொன்னேளா?”

“வா, முதல்ல டாக்டரைப் பாப்போம். மருந்தைக் குறைக்கட்டும்,” என்று அவர் வரிசையை விட்டு விலகினார்.

“குறைச்சா கால் வலி திரும்பிடாதோ?”

“அவர் பாத்துப்பார், வா.”

தோளிலிருந்து குழந்தை முனகினாள். “அப்பா, இப்பவும் அடிக்கறது.”

அசடென்று திட்டிய மனுஷர், நடந்தபடியே, காலியாக இருந்த கையால் மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.